எண்ணெய் மிச்சம்

"சுகுமாரா, இது வேனா, மாட்டு வண்டியா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் நிர்மலாதேவி.

வேன் முழுக்கச் சிரிப்பு. சுகுமாரன் திரும்பவில்லை.

"டீசல் விலை ஏறிக் கிடக்குக்கா. எண்ணெய் மிச்சம் பண்ணணும்ல."

"அதுக்காக இவ்ளோ கெடெகுட்டா இருக்கக் கூடாதுலா. கஞ்சனே உன்னைப் பார்த்தா வெட்கப்படுவான்."

கோலா சுங்கை பாருவிலிருந்து அலோர் காஜாவில் உள்ள தொழிற்சாலைக்குப் பதினோரு பெண்களை ஏற்றிப் போகும் வேன் அது. மூன்று வாரமாகத்தான் இந்த ஆமை வேகம். அதற்கு முன் சுகுமாரனும் பறந்தவன்தான்.

உண்மையான காரணம் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தது. தேவிஸ்ரீ. நிர்மலாதேவியின் மருமகள்.

மூன்று வாரத்துக்கு முன், மாமியார் கடைக்குள் போயிருந்த நேரம் பார்த்து அவள் வேன் கதவருகே வந்தாள். ஏழு வாரம் என்றாள். போன வருடம், விஷயம் தெரிந்த மறுநாளே அத்தை தாமானில் இருக்கும் வீடுகள் முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள். பிறகு அது கலைந்தபோது, லட்டு வாங்கிய ஒவ்வொரு வீடும் துக்கம் விசாரிக்க வந்தது. இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை கணவனைத் தவிர யாருக்கும் சொல்லப் போவதில்லை. அதிகம் குலுங்காமல் போய் வருவது நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்களாம்.

"மெதுவா ஓட்டுங்கண்ணே. யாராச்சும் ஏன்னு கேட்டா வேற ஏதாச்சும் சொல்லிடுங்க."

அவன் வாயில் வந்தது எண்ணெய்.

சொன்ன பொய்க்கு ஏற்றபடி ஓட்டவும் வேண்டியிருந்தது. மிதியைப் பதமாக அமுக்கினான். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்து வேனை உருளவிட்டான். ஆள் ஏறும்வரை இன்ஜினை நிறுத்தி வைத்தான். வாரம் ஒருமுறை டயரில் காற்றுப் பார்த்தான். வியாழக்கிழமை வற்றிப் போகும் டீசல் டாங்கி சனிக்கிழமை வரை வந்தது.

பொய் உண்மையாகிவிட்டது, இனியும் அது பொய்தானா என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. பேரப்பிள்ளை வரப்போவதை ஒரு மாமியாரிடம் மறைக்க நாம் யார் என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. ஓட்டுவதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வாரம் இரண்டு நாள், பெல் அடித்த பிறகுதான் வேன் போய்ச் சேர்ந்தது.

"இரு, பாய்க்குப் போன் போடறேன்," என்றாள் நிர்மலாதேவி, எல்லோர் காதிலும் விழும்படி.

போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே வேன் முதலாளி ஷம்சுதீன் பாய் அவனைத் தம் கடைக்கு வரச் சொன்னார்.

என்ன நடக்கும் என்று சுகுமாரனுக்குத் தெரியும். அவனை வேறு பாதைக்கு மாற்றுவார்கள். அடுத்து வருகிறவன் வேகத்தடை மேலெல்லாம் வேனைத் தூக்கிப் போட்டு ஓட்டுவான். அந்தப் பெண் இன்னும் இரண்டு வாரம் தாண்ட வேண்டும். தன் வேலையே போனாலும் அவள் ரகசியம் தன் வாயிலிருந்து வராது என்று முடிவு செய்துகொண்டு கடைக்குள் போனான்.

"நிர்மலாதேவி போன் பண்ணுச்சு," என்றார் பாய்.

"தெரியும் பாய். ரெண்டு நாள் லேட்டாயிருச்சு, தப்புதான். என்னை மாத்தறதுன்னா மாத்துங்க. ஆனா அந்த ரூட்டுக்கு மெதுவா ஓட்டற ஆளாப் பார்த்துப் போடுங்க."

"எதுக்கு?"

"எண்ணெய் மிச்சம்."

பாய் சிரித்துவிட்டார்.

"உன்னை யாரு மாத்தறது? நாளையிலேருந்து பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பு. 'இந்த ஆமையை நம்ப முடியாது, நாமதான் சீக்கிரம் ரெடியாகணும்'னு சொல்லி நிர்மலாதேவிதான் எல்லாப் பொம்பளைங்களையும் ஒத்துக்க வச்சிருச்சாம். உன்னைத் தவிர யாரும் அந்த வேனைத் தொடக் கூடாதுன்னு என்கிட்ட கண்டிஷன் வேற."



"அப்புறம் எதுக்கு பாய் தினமும் எனக்கு அந்தத் திட்டு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் திட்டறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு மருமக கண்டுபிடிச்சிரும் பாய். அதுவா வந்து என்கிட்ட சொல்ற வரைக்கும் திட்டிக்கிட்டேதான் இருப்பேன். சுகுமாரனைக் கோவிச்சுக்க வேணாம்னு சொல்லிடுங்க'ன்னு சொன்னுச்சு."