படத்தின் ஓரத்தில் ஒரு விரல்

முத்துச்செல்வி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

வேன் கிளம்பிவிட்டது. வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் பெண்கள். பாதிப் பேர் கையில் ஒரே வீடியோ.

"பாருங்க நண்பர்களே! தீபாவளிக்கு வரப்போற போன் இப்படித்தான் இருக்குமாம். கேமரா ஓரத்துல இல்ல. நட்ட நடுவுல!"

திரையில் ஒரு போன் கவர். சாம்பல் நிறம். நடுவில் வட்டமாக ஓட்டை. போனே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் அதன் சட்டை ஊர் சுற்றுகிறது.

சட்டையைப் பிடித்திருப்பது ஒரு கட்டைவிரல். நுனியில் மருதாணித் தொப்பி.

விடுதியில் யாரோ அரைத்த மருதாணி. மீந்ததை வீணாக்குவானேன் என்று ஒற்றை விரலில் அப்பிக்கொண்டாள்.

அந்த விரல்தான் இப்போது அவள் கைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறது.

முன் இருக்கையில் சூப்பர்வைசர் தணிகைவேல். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இது மட்டும் நம்ம யூனிட்ல இருந்து போயிருக்கட்டும். அனுப்புனவ அன்னைக்கே பொட்டியக் கட்ட வேண்டியதுதான்." பொதுவாகத்தான் சொன்னார். அவள் விரலை இன்னும் இறுக்கி மடக்கினாள்.

வெளிவராத போனுக்குக் கவர் செய்கிற இடம். உள்ளே பார்த்ததை வெளியே பேசக் கூடாது. சேரும்போதே சொல்லித்தான் சேர்த்தார்கள்.

அவள் பேசவில்லை. அப்பாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

அவர்தான் விடாமல் கேட்டார். "அங்க என்னதான் தாயி செய்யுற? கேக்குறவங்களுக்கு நான் என்னன்னு சொல்ல?"

ஒரு சாப்பாட்டு நேரம். கழித்துப்போட்ட கவர் ஒன்று. ஒரே ஒரு படம்.

'யாருக்கும் காட்டிராதப்பா' என்று கீழே எழுதவும் செய்தாள்.

அப்பா யாருக்கும் காட்டவில்லை. ஸ்டேட்டஸில் மட்டும்தான் வைத்தார்.

"ஏய், கீழ கமெண்டக் கேளுங்கடி!"

மாரிக்கனி. அவளோடு ஒரே அறையில் இருப்பவள். வேனுக்கே ரேடியோ.

"'நடுவுல ஓட்டை போட்டா அது போனா, உளுந்த வடையா?'"

வேன் குலுங்கிச் சிரித்தது.

"'டூப்பு. போன தடவையும் இப்படித்தான் ஏமாத்துனானுங்க.'"

அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

"'கம்ப்யூட்டர்ல செஞ்சது. அது நிஜ விரலே இல்ல.'"

விரலே இல்லையாம். நல்லது. இல்லாமலே போகட்டும். எழுதினவன் எவனோ, அவன் பிள்ளைகுட்டியோடு நல்லா இருக்கட்டும்.

தணிகைவேலும் தலையை ஆட்டினார். "டூப்புதான். நம்ம சரக்கு இவ்வளவு மொக்கையாவா இருக்கும்?"

இன்னும் நாலு பேர் பொய் என்று சொல்லக் கேட்க வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. தன் போனைத் திறந்தாள். மாரிக்கனியை முந்திக்கொண்டு கீழே தள்ளினாள்.

பொய். பொய். சுத்தப் பொய்.

அதற்கும் கீழே,

'தம்பி பொய் இல்லை அது என் மகள் விரல் மகள் பேர் முத்துச்செல்வி மெட்ராஸ் பக்கம் கம்பெனியில் இதுதான் செய்யுது நல்லாப் பாரு'

நிறுத்தற்குறி ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு எழுத வராது. போனிடம் வாயால் சொல்லுவார், அது எழுதிக்கொள்ளும்.

பக்கத்தில் சின்ன வட்டம். வட்டத்துக்குள் பள்ளிச் சீருடையில் அவள். அப்பா எதிலும் தன் முகத்தை வைத்ததே இல்லை, எல்லாவற்றிலும் இந்தப் படம்தான்.

"'பொய்'," படித்தாள் மாரிக்கனி.

இன்னும் இரண்டு. அப்புறம் அப்பா.

"'இதுவும் பொய்யின்னு போட்டிருக்கான்.'"

இன்னும் ஒன்று. எழுந்து போய் அவள் வாயைப் பொத்தலாமா?

"'சுத்தப் பொய்.'"

அப்புறம் மாரிக்கனி படிக்கவில்லை.

"என்னம்மா, ரேடியோ நின்னுபோச்சு?" என்றார் தணிகைவேல்.

மாரிக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பின்கழுத்து மட்டும் தெரிந்தது.

"இதுவும் டூப்புன்னுதான் சார். யாரோ ஒரு பெருசு அளந்து விட்டிருக்கு."

கொஞ்ச நேரத்தில் அப்பா எழுதியதற்குக் கீழே ஒரு பதில் முளைத்தது. ரோஜாப்பூ படம் வைத்த கணக்கு. அது மாரிக்கனியுடையது என்று அவளுக்குத் தெரியும்.

'பெருசு, கதை விடாத.'

அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

சிக்னலில் வேன் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

அவள் போன் அடித்தது.

அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள். எடுக்காமல் இருக்க முடியாது.

"தாயி, இங்க எல்லாரும் பொய்யிங்கிறான். சின்னப் பயலுக சிரிக்கிறானுக. நீயே ஒரு வார்த்தை சொல்லிரு. அது உன் விரல்தானே?"

தணிகைவேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க வேணும்?" என்றாள்.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ராங் நம்பருங்க."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஏதோ பஸ் போகிற சத்தம்.

"சரிங்கம்மா," என்றார் அப்பா.

பச்சை விழுந்தது. வேன் நகர்ந்தது. பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

விடுதி வாசலில் இறங்கும்போது மாரிக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முத்துச்செல்வி அந்த வீடியோவை மறுபடி திறந்து பார்த்தாள். அப்பா எழுதியதை அவரே அழித்திருந்தார். அதோடு ரோஜாப்பூவும் இல்லை, சிரித்தவர்களும் இல்லை.

அவரைக் கூப்பிடலாம் என்று பெயரைத் தேடி எடுத்தாள்.

பெயருக்குப் பக்கத்தில் அவள் படம் இருந்த வட்டம். சாம்பல் நிறமாக, வெறுமனே இருந்தது.