கம்ப்ளீட் ஆகாத செட்

"இது ஃபினிஷ்தான். கம்ப்ளீட் இல்ல."

சூப்பர்வைசரம்மா செட்டைத் திருப்பி மேஜையில் போட்டாள். போட்ட வேகத்தில் குட்டித் தொப்பி உருண்டு கீழே விழுந்தது.

புதுசு குனிந்து எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ "ஏய் புதுசு" என்று கூப்பிட, அதுவே அவளுக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

கைக்குழந்தை உடுப்பு தைக்கும் கம்பெனி. சட்டை, கால்சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் சேர்ந்தால் ஒரு செட். பிசிர் வெட்டி, பட்டனை இழுத்துப் பார்த்து, இஸ்திரி போட்டால் அது 'ஃபினிஷ்' கூடைக்குப் போகும். செட் சேர்த்து சூப்பர்வைசரம்மா தலையாட்டினால்தான் 'கம்ப்ளீட்' பெட்டிக்குப் போகும். கூடைக்கும் பெட்டிக்கும் நடுவில் கை எட்டும் தூரம்தான். புதுசுக்கு அது கடலாகக் கிடந்தது.

"எல்லாம் இருக்கேம்மா. இதுல என்ன இல்ல?"

"அதையும் நானே சொல்லணுமா? கண்ணு இருக்குல்ல, பாரு."

பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்பக்கம் திருப்பினாள். ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

போன வாரம்வரை எடுத்துக் கொடுத்ததையெல்லாம் பெட்டியில் போட்டவள்தான் இந்த அம்மா. ஆர்டர் முடியப்போகிற நேரத்தில் என்ன பிடித்துக்கொண்டதோ, தற்காலிகமாகச் சேர்ந்த பெண்கள் எதைக் கொண்டுபோனாலும் "ஃபினிஷ்தான், கம்ப்ளீட் இல்ல" என்ற ஒரே பாட்டு.

ஆர்டர் முடியும்போது யாருடைய செட் அதிகமாகப் பெட்டிக்குப் போயிருக்கிறதோ அவர்களை நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று கேன்டீனில் பேச்சு. புதுசு அதைத்தான் நம்பியிருந்தாள். லாரியிலிருந்து விழுந்த கணவன் படுக்கையில் கிடந்தான். இந்த வேலையும் போனால் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும்.

ஃபினிஷுக்கும் கம்ப்ளீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மகளிடம்கூடக் கேட்டுப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. எதை எழுதினாலும் எங்க மிஸ் மார்க் போடுவாங்க."

இஸ்திரிக்காரர்தான் பெரிய விளக்கம் சொன்னார். "தட்டுல போட்டது தீர்ந்தா ஃபினிஷ். வயிறு நிறைஞ்சா கம்ப்ளீட். நமக்கெல்லாம் என்னிக்கும் ஃபினிஷோட சரி."

எல்லாரும் சிரித்தார்கள். புதுசும் சிரித்தாள். புரியத்தான் இல்லை.

மத்தியானம் மேனேஜர் வந்துவிட்டார்.

"என்னம்மா, ஆர்டர் முடிஞ்சுதா இல்லையா?"

"ஃபினிஷ் ஆயிடுச்சு சார். கம்ப்ளீட் ஆகலை."

"அப்படின்னா?"

"வேலை முடிஞ்சுது. செட் நிறையலை."

"இதையேதானே நேத்தும் சொன்னீங்க?"

"நேத்து தொப்பி சார். இன்னிக்குக் காலுறை."

மேனேஜருக்குக் காது சிவந்தது. "நீங்க கம்ப்ளீட்னு ஒரு வார்த்தை சொன்னா, இந்த டெம்பரரி ஆளுங்களை இன்னிக்கே அனுப்பிடுவேன். சும்மா உக்கார வெச்சு சம்பளம் கொடுக்கறதா?"

புதுசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுப்புவதா? அப்படியானால் நிரந்தரம்?

"நல்லா வேலை செய்யறவங்களை வெச்சுக்கலாமே சார்" என்றாள் சூப்பர்வைசரம்மா, பட்டும் படாமலும்.

"அந்தப் பேச்சே இங்க கிடையாது. ஆர்டர் கம்ப்ளீட்டா, எல்லாரும் வெளியே. அடுத்த ஆர்டருக்கு கான்ட்ராக்டர் வேற ஆளுங்களை அனுப்புவார். கையளவு துணியைப் பார்க்க இத்தனை நாளா? உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சும்மா. சாயங்காலத்துக்குள்ள முடிக்கலைன்னா அந்த நாற்காலியில வேற ஆளைப் போடறேன்."

"சரிங்க சார்."

இத்தனை பேரையும் விரட்டுகிற வாய், அத்தனை பேர் முன்னால் பேச்சு வாங்கிக்கொண்டு நின்றது. நன்றாக வேண்டும் என்று நினைப்பதா, வேண்டாமா? தன் செட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும் என்று இத்தனை நாள் சாமியை வேண்டிக்கொண்டதை இப்போது திருப்பி வேண்டிக்கொள்வதா? புதுசுக்குத் தலை சுற்றியது.

அந்த நேரத்தில் மேனேஜரின் போன் அடித்தது. பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது, வைத்ததும் வாடியது.

"அடுத்த ஆர்டர் வந்துடுச்சு. நாளைக்குக் காலையிலயே ஆரம்பிக்கணுமாம். கான்ட்ராக்டரைப் பிடிச்சு ஆள் வர ஒரு வாரம் ஆகுமே, இப்ப எங்க போறது?"

"எங்கயும் போக வேணாம் சார்" என்றாள் சூப்பர்வைசரம்மா. "இவங்கதான் இன்னும் வெளியே போகவே இல்லையே."

மேனேஜர் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். நல்லவேளை என்பதுபோல் தலையாட்டினார். "அப்ப இவங்களே தொடரட்டும்." சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

சூப்பர்வைசரம்மா மேஜையில் கிடந்த புதுசின் செட்டை எடுத்தாள். பிரித்துக்கூடப் பார்க்காமல் 'கம்ப்ளீட்' பெட்டிக்குள் போட்டாள்.

"என்ன, மரம் மாதிரி நிக்கற? பெட்டியை ஒட்டு."

"அம்மா... அதுல ஏதோ குறை இருக்குன்னு சொன்னீங்களே?"

"குறையா?" அவள் குரல் தாழ்ந்தது. "உன் வேலையில குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"