வெனிஸில் பத்து நிமிடம்

"முதல் ஃப்ளைட்டுக்கே மாத்தியிருக்கலாம் லலிதா. நீதான் வேண்டவே வேண்டாம்னுட்ட."

காலையிலிருந்து எத்தனையாவது தடவையாகவோ வாசுதேவன் இதைச் சொன்னார்.

"நாலு மணிக்கெல்லாம் எழுந்து என்னால வர முடியாதுங்க. பேசாம உட்காருங்க."

ஹீத்ரூவில், வெனிஸ் விமானத்துக்கான வாசலுக்கு எதிரே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசுதேவனின் வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இல்ல, அங்க இப்ப புது ரூல். முத்திரை குத்தறதை விட்டுட்டு கைரேகை, ஃபோட்டோன்னு எடுக்கறாங்களாம். க்யூ பெருசா இருந்தா?"

"பத்து நிமிஷம். எங்க ஆபீஸ் றூபினி போன வாரம்தான் போயிட்டு வந்தா. விரலை வெச்சாளாம், எடுத்தாளாம், வெளிய வந்துட்டாளாம்."

போன வாரம் முழுக்க றூபினி லலிதாவின் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வாசுதேவனுக்கு விமானக் கம்பெனியின் தங்க அட்டை வேண்டும். அதற்குப் பயணங்கள் சேர வேண்டும்; ஒவ்வொரு பயணத்துக்கும் பாயிண்ட்ஸ் கிடைக்கும். டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் சனிக்கிழமைகளில் குரோய்டன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் பறப்பார்கள். இறங்குவார்கள். அந்த நாட்டு எல்லைக் கவுண்டரைத் தாண்டுவார்கள். ஒரு காபி குடித்துவிட்டு, மறுபடி சோதனைக்குள் நுழைந்து, வந்த விமானத்திலேயே திரும்பி விடுவார்கள். ஒருமுறை பணிப்பெண், "எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கவலையோடு கேட்டாள்.

ஒவ்வொரு விமான நிலையத்திலும் லலிதா ஒரு காந்தப் பொம்மை வாங்குவாள். ஃப்ரிட்ஜ் கதவு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, "ஈஃபில் டவர் எப்படி இருந்தது?" என்பார்கள். "மேல காத்து ஜாஸ்தி" என்பாள். பார்க்காத ஊர்களைப் பற்றிப் பேசுவதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி வந்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கேட்டிருக்கலாம். ஒரு ராத்திரியாவது தங்கலாமா என்று ஒருமுறை கேட்டாள். "முதல்ல கோல்டு வரட்டும்" என்றார். அதன்பின் கேட்க ஒரு கூச்சம். கேட்டு வாங்கினால் கிடைத்ததில் பாதிதான் தன்னுடையது என்று ஏனோ தோன்றியது. அவள் ஆசைப்பட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. பெயர் தெரியாத ஒரு தெருவில் கால் வலிக்க நடந்து, வழி தவறி, யாரிடமாவது கேட்டுத் திரும்ப வேண்டும்.

அப்போதுதான் இந்தப் புது விதி வந்தது. எல்லையில் மூன்று மணி நேரம்கூட நிற்க வேண்டியிருக்கிறதென்று ஆபீஸில் ஒருவர் புலம்பியபோது, லலிதாவின் மனம் குதித்தது. மூன்று மணி நேரம் நின்றால், திரும்பும் விமானம் போய்விடும். போய்விட்டால் ஒரு இரவு தங்கித்தான் ஆக வேண்டும். அவளுடைய கைப்பையில் ஒரு நைட்டியும் அவருடைய பிரஷர் மாத்திரையும் இருந்தன.

"எத்தனை மணிக்கு இறங்குவோம்?" என்றார் வாசுதேவன்.

"ரெண்டு மணிக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றி வியர்த்திருந்தது. ஒரு அட்டைக்காக மனுஷன் இவ்வளவு தவிப்பதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனம் மாறும் அளவுக்கு இல்லை.

வாசலில் நின்ற விமான நிலைய ஊழியப் பெண் இவர்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினாள். சட்டையில் கஜந்தினி என்று பெயர்.

"நீங்கள் தமிழோ அண்ணா? வெனிசுக்கோ போறியள்?"

"ஆமாம்மா."

"தண்ணி நிறையக் குடியுங்கோ. இப்ப யூரோப்பிலை எங்கை போய் இறங்கினாலும் லைன்தான். எங்கட சித்தப்பா முந்தநாள் ஸ்பெயினுக்குப் போனவர். மூண்டு மணித்தியாலம் நிண்டவராம். கால் வீங்கிப்போச்சு, மனுசனுக்கு சப்பாத்து கழட்ட ஏலாமக் கிடக்கு."

வாசுதேவன் எழுந்தே விட்டார். "மூணு மணி நேரமா? லலிதா, பத்து நிமிஷம்னியே!"

"பத்து நிமிசமோ? ஆர் சொன்னது?" என்று சிரித்த கஜந்தினி, லலிதாவின் முகத்தைப் பார்த்ததும், "நான் அங்காலை போறன்" என்று நகர்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா முதல் ஃப்ளைட் வேண்டாம்னு சொன்ன?"

லலிதாவுக்குள் எத்தனையோ சனிக்கிழமைகள் ஒன்றாகப் பொங்கின.

"ஆமா, தெரிஞ்சேதான் சொன்னேன்! திரும்பற ஃப்ளைட் போனா போகட்டுங்க! உங்க கோல்டு கார்டும் போகட்டும்! இத்தனை ஊருக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, ஒரு ஊர் மண்ணை மிதிச்சிருக்கேனா? எனக்கு ஒரு ராத்திரி வெனிஸ்ல இருக்கணும். அந்த க்யூவை நம்பித்தான் கிளம்பி வந்தேன்!"

பக்கத்து வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

வாசுதேவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ அழுதுவிடுவார் போலிருந்தது.

"திரும்பற ஃப்ளைட் செவ்வாய்க்கிழமைதான் லலிதா" என்றார். "சேர்த்த பாயிண்ட்ஸ் மொத்தத்தையும் கொடுத்து, உனக்குச் சொல்லாம மூணு ராத்திரிக்கு ரூம் போட்டேன். இன்னிக்கு நாலு மணிக்கு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு படகு சொல்லியிருக்கேன். லேட்டா வந்தா படகுக்காரன் காத்திருக்க மாட்டானாம்."