சத்தமில்லாத கோல்

ஏதோ ஒன்று பீப் என்கிறது. தூக்கத்திலேயே நர்ஸின் கை நீண்டு, மருந்து ஏற்றும் பம்பின் அலாரத்தை நிறுத்தச் சுவரைத் தடவுகிறது. சுவரில் பொத்தான் எதுவும் இல்லை. இது வார்டு இல்லை, வீடு. ஒலித்தது துணி துவைக்கும் மெஷின். திரைச்சீலையின் ஓரத்தில் நடுப்பகல் வெயில் ஒரு கோடாய் நிற்கிறது. நாக்கு வறண்டு கிடக்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்தவள், ஒருக்களித்திருக்கும் கதவருகே அப்படியே நின்றுவிடுகிறாள். கூடத்தில் டிவி ஊமையாய் ஓடுகிறது, கால்பந்து. கோல் விழுந்தால் கத்தி ஊரையே கூட்டும் மாமனார், துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நாற்காலியில் துள்ளுகிறார். மகளின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல் தட்டுகின்றன. "தாத்தா, ஒரே ஒரு தடவ கத்திக்கட்டுமா?" என்று கிசுகிசுக்கிறாள். "மூச்! உங்கம்மா ராத்திரி பூரா கண்ணு முழிச்சவ. இன்னிக்கும் போயி நாலு உசுரப் பாக்கணும்டி." கதவைத் தள்ளினால் இருவர் முகமும் வாடிப்போகும். அவள் அடிமேல் அடிவைத்துத் திரும்பி, தாகத்தோடு படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். மாமனாரின் அணி இன்னொரு கோல் போட்டிருக்க வேண்டும். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது.