யாரிடம் நிற்கிறது

என் கணவர் பட்டாபியின் நாற்காலியில், அவருக்குக் கீழே வேலை பார்த்த ஸ்வப்னா உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

பதினாறு வருஷம் அவர் கணக்கு அதிகாரியாக இருந்த அரசு அலுவலகம். முதுகுக்கு அவர் வைத்திருந்த சின்னத் தலையணை அப்படியே இருந்தது.

“மாமி எதுக்கு இந்த வெயிலத்து வந்தது? ஒரு ஃபோன் விளிச்சிருந்தா நான் கோட்டைல வீட்டுக்கே வந்து வாங்கியிருப்பேனே,” என்றாள், மலையாளம் கலந்த தமிழில்.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதில்தான் அவருடைய கையெழுத்து இருந்தது. பில்கள் எல்லாம் கணினிக்கு மாறிய பிறகு, அதைச் செருகி ஒரு பொத்தானை அமுக்கினால்தான் பணம் போகும்.

மற்ற அதிகாரிகள் அதைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்களாம். இவர் பூணூலில் முடிந்து வைத்திருந்தார், சாவி முடிவதுபோல. ஆஸ்பத்திரியில் அவரைத் திருப்பித் தந்தபோதும் அது நெஞ்சின்மேல்தான் கிடந்தது.

அதைக் கொடுக்க மட்டும் நான் வரவில்லை.

“அவரோட பில்லை நிறுத்தி வெச்ச அந்த ஆபீசர் யாரு, ஸ்வப்னா? முகத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்.”

அவள் பென் டிரைவை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தாள்.

இதய அறுவைக்கு அவர் முன்பணம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். எழுபத்து மூன்று நாள் ஆகியும் வரவில்லை. வளையலை விற்கலாம் என்றால் கேட்கமாட்டார். நமக்கு வரவேண்டியது வரும் என்பார். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், பில் யாரிடம் நிற்கிறது என்று நான் கேட்டுவிடுவேன்.

“ஒருத்தன்கிட்ட நிக்கறது, சீதா. பிடிவாதக்காரன். அசைய மாட்டேங்கறான்.”

“கட்டேல போறவன்! அவன் கை விளங்குமா?”

“இன்னும் நன்னாத் திட்டு,” என்று சிரிப்பார். சிரித்தால் மூச்சு வாங்கும்.

வெள்ளிதோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். எல்லோரும் தடை உடையட்டும் என்று எறிவார்கள். நான் அந்தக் கை உடையட்டும் என்று சொல்லி எறிவேன். சரியாக உடையாவிட்டால் இன்னொன்று வாங்குவேன்.

எழுபத்து நான்காம் நாள் காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

“நீ சொல்லலேன்னா நான் ஒவ்வொரு மேஜையா போய்க் கேப்பேன்.”

ஸ்வப்னா கணினித் திரையை மெல்ல என் பக்கம் திருப்பினாள்.

சிவப்பில் ஒரே ஒரு வரி.

விண்ணப்பித்தவர்: பட்டாபி. காரணம்: இதய அறுவை. அனுமதிக்க வேண்டியவர்: பட்டாபி.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

“சாருக்கு மேலத்த ஆபீசர் போஸ்ட்டுல ஆள் இல்லே மாமி. அதுனால சிஸ்டம் சாரோட பில்லைச் சாருக்கே அயச்சிட்டுது. ஒரு விரல் அமுக்கினா போதும் சாரேன்னு நாங்க எத்தரை தடவை பறஞ்சோம். தன் பில்லைத் தானே பாஸ் பண்ண மாட்டேன்னு சார் ஒரே பிடி.”

காகிதமாக இருந்திருந்தால் பியூன் கையில் அடுத்த அறைக்குப் போயிருக்கும். யாராவது ஒருவர் பேனாவைத் திறந்திருப்பார்.

வேறொருவருக்கு மாற்றிவிடச் சொல்லி அவர் ஐந்து முறை எழுதியிருந்தார். ஐந்துக்கும் கணினியே பதில் போட்டிருந்தது: பரிசீலனையில் உள்ளது.

ஸ்வப்னா எனக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

இன்று காலை இங்கே வரும் வழியில்கூடப் பழவங்காடியில் இறங்கினேன். ஒரு வருஷம் கோயிலுக்குள் போகக்கூடாது என்பதால் வெளியே நின்றே, அந்தக் கை உடையட்டும் என்று சொல்லித் தேங்காயை எறிந்தேன்.

நன்றாகச் சிதறியது.