காளைக் கொடி, கொக்குக் கொடி

“1953 மே 17. பொன்னமராவதி அருகே கல்லம்பட்டி, ஓடையூர் ஆகிய இரண்டு ஊருக்கும் பொதுவான கண்மாயில் மீன்பிடித் திருவிழா. கரையில் கொடி நட்டதில் கைகலப்பு. இருபத்திரண்டு பேருக்குக் காயம்.”

திருமயத்துப் பதிவறையிலிருந்து வரவழைத்த கோப்பின் முதல் பக்கத்தை வாசித்து நிறுத்தினார் தாசில்தார் நித்யா.

மேசைக்கு இடப்பக்கம் கல்லம்பட்டிக்காரர்கள். வலப்பக்கம் ஓடையூர்க்காரர்கள். இரண்டு ஊருக்கும் வி.ஏ.ஓ.வான ஜெபக்குமார், எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சண்டைக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒன்றாகக் கண்மாயில் இறங்கியதே இல்லை. ஆளுக்கொரு நாள், போலீஸ் காவலோடு மீன் பிடிப்பார்கள். இந்த வருடம் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஒரு நாள் இறங்கினாலே கண்மாய் சேறாகிவிடும். ஒன்றாக இறங்கினால் இரண்டு ஊருக்கும் மீன். இல்லையென்றால் அனுமதி கிடையாது. மீன் வெயிலில் செத்து மிதக்கும்.

சிக்கல் தொடக்கத்தில்தான் இருந்தது. மற்ற ஊர்களில் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஜனம் கண்மாயில் பாயும். இங்கே துண்டு இல்லை, கொடி. யார் கொடி?

“எங்க காளைக் கொடிதாங்க வீசணும்” என்றார் கல்லம்பட்டித் தலைவர் பெரியண்ணன். “எங்க தாத்தா மூணு பல்லக் கொடுத்துக் காப்பாத்துன கொடி. துணி அஞ்சு தடவ மாறியிருக்கு, படம் மாறல. கல்யாணப் பத்திரிகையில பிள்ளையாருக்கு அடுத்து காளைதான் போடுவோம்.”

“எங்க ஊர்ல பத்திரிகை மட்டுமில்லங்கம்மா” என்றார் ஓடையூர்த் தலைவர் செல்லமுத்து. “எங்க பயலுக கபடி பனியன்லயும் கொக்குதான். சிங்கப்பூருக்குப் போனவன் அங்க ரூம் சுவத்துல மாட்டி வச்சிருக்கான். கொக்கு வீசாம நாங்க தண்ணியில கால வைக்க மாட்டோம்.”

“கொக்கு அடையிற ஆலமரம் எங்க எல்லையில நிக்கிது. அதப் பாத்து இவுங்க கொடியில வரைஞ்சுக்கிட்டாங்க” என்றார் பெரியண்ணன்.

“வாடிவாசல் இருக்கறது எங்க ஊர்ல. காளை பறக்கறது ஒங்க கொடியில. அத யார்ட்டப் போயிச் சொல்றது?”

இரண்டு பக்கமும் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ஜெபக்குமார் கதவைப் பார்த்துக்கொண்டார்.

ஓடையூர் முனியாயி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். “அங்கிட்டு மீனு மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கு. நீங்க என்ன, கொடியப் போட்டா கொழம்பு வைக்கப் போறீங்க?”

யாரோ சிரித்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

நித்யா கோப்பைப் புரட்டினார். இரண்டாவது பக்கத்தை நிதானமாக, மனசுக்குள்ளேயே படித்தார். பிறகு மூடி வைத்தார்.

“ரெண்டு கொடியும் வீசலாம். ஆனா காளைக் கொடிய ஓடையூர்க்காரங்க வீசணும். கொக்குக் கொடிய கல்லம்பட்டிக்காரங்க வீசணும்.”

“எங்க கொடிய அவங்க கையிலயா?” என்று இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எழுபது வருடத்தில் இரண்டு ஊரும் ஒன்றாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று ஜெபக்குமாருக்குத் தோன்றியது.

“ஆமா. வீசுன கொடி வீசுனவங்க ஊர்லயே இருக்கட்டும். அது பிணை மாதிரி. அவங்க கொடி ஒங்க வீட்ல, ஒங்க கொடி அவங்க வீட்ல. எவன் எவன் மேல கை வைப்பான்?”

பெரியண்ணன் மோவாயைச் சொறிந்தார். “காளைக்கு ஒரு கிழிசல் வந்துச்சுன்னா?”

“ஒங்க கொக்குக்கு என்ன வருமோ அதுதான் வரும்” என்றார் செல்லமுத்து. சொன்ன பிறகுதான் ‘ஒங்க கொக்கு’ என்று சொல்லிவிட்டது அவருக்கே உறைத்தது. அறையே சிரித்தது. முனியாயி எழுந்து சேலையை உதறினாள்.

“முடிஞ்சுதுல்ல? நான் போயி மீனு புடிக்க ஊத்தாக்கூடைய எடுக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கரை நிறைந்துவிட்டது. வலையும் ஊத்தாக்கூடையுமாக ஆயிரம் பேருக்கு மேல். செல்லமுத்து காளையை வீசினார். பெரியண்ணன் கொக்கை வீசினார். அடுத்த நொடி கண்மாயில் தண்ணீர் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. முனியாயி முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கிக் காட்டினாள். பெரியண்ணன் வழுக்கிச் சேற்றில் விழ, செல்லமுத்து கை கொடுத்தார், அவரும் விழுந்தார். இரண்டு பேரையும் தூக்கிவிட ஆள் வரவில்லை, எல்லோருக்கும் மீன்தான் முக்கியமாக இருந்தது.

மதியம் இரண்டு ஊரிலும் மீன் குழம்பு மணத்தது. ஜெபக்குமாருக்கு இரண்டு ஊரிலிருந்தும் தூக்குவாளி வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு தாசில்தாரின் ஜீப்புக்குப் போனார்.

“ஒரு அடிதடி இல்ல மேடம். கொடிய மாத்திக் கொடுக்கலாம்னு எப்படித் தோணுச்சு?”

நித்யா பழைய கோப்பின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

‘கல்லம்பட்டியார் நட்டது கொக்குக் கொடி. ஓடையூரார் நட்டது காளைக் கொடி. கைகலப்பில் ஒரு ஊரார் கொடியை மற்ற ஊரார் பிடுங்கிச் சென்றுவிட்டனர். இரண்டும் இன்றுவரை மீட்கப்படவில்லை.’

“உரியவங்ககிட்டச் சேந்தாச்சுன்னு எழுதி, ஃபைல முடிச்சிருங்க” என்றார் நித்யா, தூக்குவாளியைத் திறந்தபடி.