பாதிக் கடிகாரம்

சுப்பராய ஆசாரி கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். மூடியைத் திறந்து பார்த்தார். ஓரத்தை உரைகல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முழுசா மெட்ராசுக்கு எடுத்துகினு போனா எண்ணூறு ரூபா. உருக்குனா முந்நூறு தேறுனா பெருசு. இன்னா செய்யலாம்?"

"உருக்குங்க" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவராகவன் அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏழு ஏக்கர் நஞ்சையும் கிணறும் அண்ணனுக்கு. கடிகாரத்தில் பாதி எனக்கு. அப்பா கண்ணை மூடுவதற்கு முன் நாலு பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாயால் சொன்ன பங்கு இது. கடிகாரத்தை எப்படிப் பாதியாக்குவது என்று அந்த நாலு பேரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

ரயில் பாதை போட வந்த துரை தாத்தாவுக்குக் கொடுத்த தங்கக் கடிகாரம். தாத்தாவுக்குச் சாவி கொடுக்கத்தான் தெரியும், மணி பார்க்கத் தெரியாது என்பார்கள். அப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

அண்ணன் மடியை அவிழ்த்து நானூறு ரூபாயை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் தொடவில்லை. இன்னொரு நூறை வைத்தார். பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன். என் பங்கை விற்கப்போவதாக நான் எப்போது சொன்னேன்?

"நல்ல பேஜாரு புடிச்ச பொம்பளமா நீ" என்றார் ஆசாரி. "ஐந்நூற உட்டுட்டு நூத்தம்பது கேக்குறியே. எதுன்னாலும் சட்டுனு சொல்லுங்க. தங்கத்துக்கு இன்னாவோ சட்டம் வரப்போவுதாம். அப்பால உலையில கைய வெக்க முடியாது."

சீனாக்காரன் சண்டை ஓய்ந்த சமயம் அது. கும்மிடிப்பூண்டி கடைத்தெரு முழுக்க இதே பேச்சுதான்.

எனக்குக் கணக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும். அண்ணனைப் போலவே நானும் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தேன். தெரியாமல் வரவில்லை.

அண்ணன் கடிகாரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"பணமும் வாணாம், பங்கும் வாணாம். முழுசா நீயே வெச்சிக்க. உருக்க மட்டும் உருக்காத."

ஆசாரி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெற்றிலைக் கடையில் நின்றவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கெட்ட மனிதர் இல்லை அண்ணன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எங்க போனாலும் பொழுது சாய டாண்ணு ஊடு வந்து சேந்துருவாரு நைனா" என்று அப்பாவைப் பற்றிச் சொன்னார் அண்ணன். "ஒரு நாளு கூட வண்டிய உட்டது இல்ல. இந்த வாட்சிதான் அவர இட்டாந்து எங்க கையில உட்டுது."

கடிகாரம் அவர் கைச்சூட்டோடு இருந்தது. எனக்கும் மனசு இளகியது. பொய் சொல்வானேன். கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பியிருப்பேனோ என்னவோ.

ஆசாரியின் பக்கம் கையை நீட்டினேன்.

"இப்ப முழுசும் என்னுதுதானே? உருக்குங்க."

"நீ இன்னா மனுசியா?" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

"உங்க ஊட்டுக்கு இட்டாந்து உட்டது நெசந்தான்ணே. எங்க ஊட்டுலேர்ந்து எழுப்பி இட்டுகினு போனதும் இதான்."

ஆசாரிக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணன் தங்கை என்றால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. என் அம்மாவை அப்பாவுக்கு இரண்டாம் தாரம் என்றுகூட யாரும் சொன்னதில்லை. ஆரம்பாக்கத்துக்காரி என்பார்கள், அவ்வளவுதான். அம்மா ரசம் ஊற்ற வரும்போது அப்பாவின் மடியில் இந்த மூடி திறக்கும். அண்ணன் ஊருக்குப் போகும் ரயிலைப் பிடிக்கப் பாதிச் சோற்றில் கை கழுவிவிடுவார். அம்மா எச்சில் இலையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிச் சத்தம் ஓயும்வரை வாசலில் நிற்பாள். கடிகாரத்தைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது.

ஆசாரி ஊசியால் நெம்பி உள்ளே இருந்த மிஷினைத் தனியாக எடுத்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அத அண்ணனாண்ட குடுங்க" என்றேன்.

அண்ணன் வாங்கிக்கொண்டார். கீழே வைக்கவும் தெரியாமல், மடியில் முடியவும் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆசாரி உலையை ஊத ஆரம்பித்தார். தங்க மூடி உருக்கும் மண்கிண்ணத்துக்குள் கிடந்து சிவந்தது.

"ஒரு நாளாச்சும் வண்டிய உட்டுட்டு அங்க தங்குனது இல்லியா?" என்று கேட்டார் அண்ணன். காலையிலிருந்து விலையைத் தவிர அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"நமக்கு ஒரு தம்பி பொறந்தான்ணே. பொறந்த அன்னிக்கே செத்துட்டான்" என்றேன். "அன்னிக்கி வண்டி அர மணி லேட்டு. அந்த அர மணி கூட இருந்தாரு."